பிரஷர் என்பது என்ன? தமனியிலும் சிரையிலும் இரத்தம் ஓடும் விதம்

போடிநாயக்கனூரில் விடியற்காலையிலேயே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு வழியாக பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்கள் போவார்கள். ஊருக்குள் இருப்பவர்களில் பலர் ஏலக்காய் தரம் பிரிக்கும் இடங்களிலும் கடைகளிலும் நாள் முழுக்க உட்கார்ந்தோ நின்றோ வேலை செய்வார்கள். இந்தக் குடும்பங்களில் "பிரஷர்" என்ற சொல்லைக் கேட்காத வீடு இருக்காது. "அத்தாவுக்குப் பிரஷர் 160 இருக்காம்", "எனக்கு லோ பிரஷர், தலை சுத்துது", "மாத்திரை போட்டேன், சரியாயிடுச்சு, நிறுத்திட்டேன்" என்று சாதாரணமாகப் பேசிக்கொள்கிறோம்.

ஆனால் அந்த 160 எதை அளந்த கணக்கு? குளுக்கோஸ் ஏற்றும்போது ஊசி குத்தும் இரத்தக்குழாயிலும் அதே அழுத்தம்தான் இருக்கிறதா? சரியாகிவிட்டது என்று நினைத்து மாத்திரையை நிறுத்துவதில் என்ன ஆபத்து? உடம்புக்குள் இரத்தம் ஓடும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இக்கேள்விகளுக்கு விடை கிடைக்கும். பக்கவாதத்தில் விழுந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட, இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

நரம்பு வேறு, இரத்தக்குழாய் வேறு

நம் பேச்சு வழக்கில் "நரம்பு ஊசி" என்கிறோம், "கால் நரம்பு சுருட்டிக்கிச்சு" என்கிறோம். இந்த இரண்டிலும் நாம் சொல்வது உண்மையில் நரம்பை அல்ல, இரத்தக்குழாயை. நரம்பு என்பது மூளைக்கும் உடம்புக்கும் இடையே செய்தி கொண்டுபோவது. அதற்குள் இரத்தம் ஓடுவதில்லை.

இரத்தக்குழாய்கள் மூன்று வகை. இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோவது தமனி. உடம்பிலிருந்து இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை. இரண்டையும் இணைக்கும் மயிரிழையைவிட மெல்லிய குழாய்கள் தந்துகிகள். மணிக்கட்டில் விரல் வைத்தால் துடிப்பது தமனி. புறங்கையில் பச்சையாகத் தெரிவது சிரை. டாக்டர் கையில் பட்டை கட்டி அளக்கும் பிரஷர், தமனியில் உள்ள அழுத்தம் மட்டுமே.

இரண்டு எண்கள் எப்படி வருகின்றன?

இதயம் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் சுமார் 70 மில்லி லிட்டர் இரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளுகிறது. ஆக நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவு. நம் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமும் ஏறத்தாழ 5 லிட்டர்தான். அதாவது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை முழு இரத்தமும் ஒரு சுற்று வந்துவிடுகிறது. ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் 7,000 லிட்டர்.

இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும் நொடியில் தமனியின் சுவரில் படும் அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. இதுதான் மேல் அளவு. அடுத்து இதயம் தளர்ந்து இரத்தத்தை நிரப்பிக்கொள்ளும் நேரத்தில் அழுத்தம் இறங்குகிறது. ஆனால் பூஜ்யத்துக்கு இறங்குவதில்லை. காரணம், தமனியின் சுவர் ரப்பர் போல இழுபடக்கூடியது. இரத்தம் வந்து மோதும்போது விரிந்து கொடுத்து, பிறகு தானாகச் சுருங்கி இரத்தத்தை முன்னே தள்ளுகிறது. இதனால் இதயம் விட்டுவிட்டுத் தள்ளினாலும் இரத்தம் நிற்காமல் ஓடுகிறது. அப்போது மிச்சமிருக்கும் அழுத்தம்தான் கீழ் அளவு. 120/80 என்று எழுதுவது இந்த இரண்டையும்தான்.

இந்த எண்கள் பாதரச மில்லிமீட்டர் கணக்கு. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. எனவே 120 மில்லிமீட்டர் பாதரசம் என்பது தண்ணீரை ஐந்தேகால் அடிக்கு மேல் தூக்கி நிறுத்தக்கூடிய விசை. இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்பவர் ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைச் செருகிப் பார்த்தபோது, இரத்தம் 8 அடிக்கு மேல் ஏறி நின்றது. அதை 1733-இல் அவர் எழுதி வெளியிட்டார். இரத்த அழுத்தம் நேரடியாக அளக்கப்பட்ட முதல் நிகழ்ச்சி அதுதான்.

குழாயை வெட்டாமல் அளக்கும் வழி 1896-இல் வந்தது. இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி, கையில் காற்றுப் பட்டையைச் சுற்றி இறுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் வைத்துச் சத்தத்தைக் கேட்டு அளக்கலாம் என்று கண்டறிந்தார். பட்டையை இறுக்கினால் தமனி அடைபட்டுச் சத்தம் நின்றுவிடும். காற்றை மெல்ல இறக்கும்போது முதல் "டக்" சத்தம் கேட்கும் இடம் மேல் அளவு. இரத்தம் தடையில்லாமல் ஓடத் தொடங்கிச் சத்தம் மறையும் இடம் கீழ் அளவு. கையால் அளக்கும் மருத்துவர்கள் இன்றும் இதே முறையில்தான் அளக்கிறார்கள்.

முல்லைப் பெரியாறும் கொட்டகுடி ஆறும்

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வந்து, ராட்சதக் குழாய்கள் வழியாக லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. அந்தக் குழாய்களின் சுவர் கனமான இரும்பு. அத்தனை அழுத்தத்தைத் தாங்க வேண்டுமே! மின் நிலையத்தைத் தாண்டிய பிறகு அதே தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் சாதாரண ஆறாக ஓடுகிறது. அதைத் தாங்க மண்கரை போதும்.

தமனிக்கும் சிரைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தமனியின் சுவர் தடிமனானது, தசை நிறைந்தது. சிரையின் சுவர் மெல்லியது, தொளதொளவென்று இருப்பது. பெருந்தமனியில் சராசரி அழுத்தம் 100 அளவில் இருக்கும். தந்துகிக்குள் நுழையும்போது 35 அளவுக்கு இறங்கிவிடும். தந்துகியைத் தாண்டிச் சிரைக்குள் வரும்போது 15, 10 என்று குறைந்து, படுத்திருப்பவரின் இதயத்தின் வாசலில் கிட்டத்தட்ட பூஜ்யத்தை நெருங்கிவிடும்.

அழுத்தம் இப்படி அதிகமாக இறங்குவது எந்த இடத்தில்? தமனி கிளை பிரிந்து பிரிந்து தந்துகியாக மாறுவதற்குச் சற்று முன்னால் உள்ள சின்னஞ்சிறு தமனிகளில். இவற்றின் சுவரில் உள்ள தசை சுருங்கவும் விரியவும் கூடியது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் மடையைத் திறந்தும் அடைத்தும் விடுவதைப் போல, எந்த உறுப்புக்கு எவ்வளவு இரத்தம் என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன. சாப்பிட்ட பிறகு குடலுக்கு அதிகம், மலை ஏறும்போது கால் தசைக்கு அதிகம், வெயிலில் தோலுக்கு அதிகம்.

இந்தச் சிறு குழாய்களில் ஒரு கணக்கு இருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 1840-களில் கண்டது. குழாயின் உள்விட்டம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓடும் அளவு பாதியாகக் குறையாது. 16-இல் ஒரு பங்காகக் குறையும். பத்துச் சதவீதம் மட்டும் சுருங்கினாலே ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பீடி, சிகரெட்டு, கடுங்குளிர், மன உளைச்சல் ஆகியவை இந்தக் குழாய்களைச் சற்றே சுருக்குகின்றன. சுருக்கம் சின்னதுதான். ஆனால் அதை மீறி இரத்தத்தை அனுப்ப இதயம் எவ்வளவு கூடுதலாக உழைக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

அழுத்தம் போல வேகமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. கொட்டகுடி ஆறு குரங்கணி மலையில் பாறைகளுக்கு நடுவே குறுகி ஓடும்போது சீறிப் பாயும். அதே தண்ணீரை வாய்க்காலில் பிரித்து வயல் முழுக்கப் பரப்பினால் ஊர்ந்து நகரும். அப்படி நின்று நகர்ந்தால்தான் மண் அதைக் குடிக்க முடியும். உடம்பிலும் பெருந்தமனி ஒன்றுதான். தந்துகிகளோ கோடிக்கணக்கில். எல்லாத் தந்துகிகளின் வாயையும் சேர்த்துக் கணக்கிட்டால் பெருந்தமனியின் வாயைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பரப்பு வரும். எனவே பெருந்தமனியில் நொடிக்கு 30 சென்டிமீட்டர் அளவில் பாயும் இரத்தம், தந்துகியில் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. அந்த நிதானத்தில்தான் உயிர்வளியும் சத்தும் திசுக்களுக்குள் இறங்குகின்றன. கழிவு இரத்தத்துக்குள் ஏறுகிறது.

கீழிருந்து மேலே ஏறும் சிரை இரத்தம்

இதயத்திலிருந்து பாதத்துக்கு இரத்தம் இறங்குவது எளிது. பாதத்திலிருந்து நாலடி உயரம் ஏறி இதயத்துக்கு வருவது எப்படி? தள்ளிவிடும் அழுத்தமோ தந்துகியிலேயே பெரும்பாலும் செலவாகிவிட்டது.

இதற்கு மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. முதலாவது, சிரைக்குள் உள்ள வால்வுகள். மேலே போக விடும், கீழே திரும்ப விடாது. இரண்டாவது, கெண்டைக்கால் தசை. நடக்கும்போது இந்தத் தசை சிரையைப் பிழிந்து இரத்தத்தை மேலே ஏற்றுகிறது. மருத்துவர்கள் இதை இரண்டாவது இதயம் என்றே சொல்வதுண்டு. மூன்றாவது, மூச்சு. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து சிரை இரத்தம் மேலே உறிஞ்சப்படுகிறது.

அசையாமல் நிற்கும் ஒருவருடைய பாதத்துச் சிரையில் அழுத்தம் 90 வரை ஏறிவிடுகிறது. மேலே நிற்கும் இரத்தத்தின் பாரம்தான் காரணம். அவரே நடக்கத் தொடங்கினால் அது 25-க்கும் கீழே இறங்கிவிடும். நாள் முழுக்க நின்றே வியாபாரம் பார்ப்பவர்களுக்கும், காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிப்பவர்களுக்கும் மாலையில் கால் வீங்குவது இதனால்தான். வருடக்கணக்கில் இப்படியே போனால் வால்வு தளர்ந்து, சிரை புடைத்துச் சுருண்டுவிடும். நாம் "நரம்பு சுருட்டல்" என்பது இதைத்தான். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து பத்தடி நடப்பது, உட்கார்ந்தபடியே குதிகாலை ஏற்றி இறக்குவது, இரவில் காலைச் சற்று உயர்த்தி வைத்துப் படுப்பது ஆகியவை செலவில்லாத வைத்தியம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது வேறு விஷயம். சிரைக்குள் இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிரையில் அழுத்தம் குறைவு என்பதற்குக் கண்ணெதிரே உள்ள சாட்சி குளுக்கோஸ் பாட்டில். கட்டிலுக்கு மேலே மூன்றடி உயரத்தில் தொங்கவிட்டால் போதும், மருந்து தானாக இறங்குகிறது. பாட்டிலைக் கைக்குக் கீழே இறக்கினால் இரத்தம் குழாயில் திரும்பி ஏறும். ஊசி தமனியில் இருந்தால் அந்த உயரம் போதவே போதாது.

உடம்பிலுள்ள இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எந்த நேரமும் சிரைகளில்தான் இருக்கிறது. தேவைப்படும்போது சிரை சற்றுச் சுருங்கி அந்த இருப்பை இதயத்துக்கு அனுப்பும்.

டமாஸ்கஸிலிருந்து வந்த ஒரு திருத்தம்

இரத்தம் சுற்றி ஓடுகிறது என்பது மனிதர்களுக்கு நெடுங்காலம் தெரியாது. ரோமானியர் காலத்து கேலன், இதயத்தின் வலது அறையிலிருந்து இடது அறைக்கு நடுச்சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இரத்தம் போகிறது என்று எழுதினார். ஆயிரம் வருடங்களுக்கு மேல் மருத்துவ உலகம் அதையே படித்தது.

டமாஸ்கஸ் பகுதியில் 1213-இல் பிறந்து கெய்ரோவில் மருத்துவம் பார்த்த இப்னு அந்நஃபீஸ் இதை மறுத்தார். இப்னு சீனாவின் "கானூன்" நூலில் உள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு 1242-இல் அவர் விளக்கவுரை எழுதினார். நடுச்சுவரில் துளை கிடையாது. இரத்தம் வலது அறையிலிருந்து நுரையீரலுக்குப் போய், அங்கே காற்றோடு கலந்து, இடது பக்கத்துக்குத் திரும்புகிறது என்று அதில் தெளிவாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 29. அந்தக் கையெழுத்துப் பிரதியை 1924-இல் பெர்லின் நூலகத்தில் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்தத்தாவி கண்டெடுத்த பிறகுதான் இன்றைய மருத்துவ உலகம் இதை அறிந்தது.

உடம்பு முழுக்க இரத்தம் வட்டமாகச் சுற்றுகிறது என்று 1628-இல் நிறுவியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளை 1661-இல் தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியே கண்டவர் இத்தாலியின் மால்பிகி. அத்துடன் வட்டம் முழுமையானது.

மலை ஏறினால் பிரஷர் மாறுமா?

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும்போது காது அடைக்கிறது. உடனே "பிரஷர் ஏறுது" என்கிறார்கள். அது காற்றழுத்தம். நாலாயிரம் அடிக்கு மேலே போனால், கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்திருக்கும். ஆனால் பிரஷர் கருவி காட்டுவது, வெளிக்காற்றைவிட இரத்தத்தின் அழுத்தம் எவ்வளவு கூடுதல் என்பதை. எனவே காற்று மெலிவதால் மட்டும் அந்த எண் பெரிதாக மாறுவதில்லை.

மாற்றக்கூடியவை வேறு. மலைக் குளிர் தோலிலுள்ள இரத்தக்குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றும். சரிவில் சுமையோடு ஏறுவது தற்காலிகமாக ஏற்றும். காய் உலர்த்தும் ஸ்டோரின் வெக்கை குழாய்களை விரித்து இறக்கும்.

ஏலக்காய் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏலச்செடியின் காய்ச் சரங்கள் தூரிலிருந்து தரையோடு படர்பவை. எனவே காய் எடுப்பவர்கள் மணிக்கணக்கில் குனிந்தும் குந்தியும் இருக்க வேண்டும். திடீரென்று எழுந்து நின்றால் அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் கால்பக்கம் இறங்கிவிடும். சிரைகளும் இதயமும் ஒரு சில நொடிகளில் அதைச் சரிக்கட்டிவிடும். தண்ணீர் குடிக்காதவர்களுக்கும், வயதானவர்களுக்கும், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அந்தச் சரிக்கட்டல் தாமதமாகும். அப்போது கண் இருட்டும், தலை சுற்றும். சரிவில் அப்படி விழுந்தால் எலும்பு முறியும்.

தோட்டத்தில் கழிப்பறை வசதி இல்லையே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்களுக்கு இந்த ஆபத்து அதிகம். சில பிரஷர் மாத்திரைகள் சிறுநீரை அதிகம் பிரிப்பவை. ஜீப்பில் போக வேண்டுமே என்று காலையில் அந்த மாத்திரையைத் தவிர்க்கிறவர்கள், அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நேரத்தை மாற்றலாம், அல்லது வேறு மாத்திரை தரலாம்.

வீட்டிலும் பள்ளியிலும் இதே கதைதான். சுஜூதிலிருந்து நேராக எழும்போது தலை சுற்றும் பெரியவர்கள், சற்று அமர்ந்து, கையை ஊன்றி, மெதுவாக எழ வேண்டும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதை மருத்துவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றாக எடுத்துக்கொள்கிறார்கள்.

உயர் இரத்த அழுத்தம் ஏன் தெரிவதில்லை?

தமனியின் சுவரில் அழுத்தத்தை உணரும் இடங்கள் உண்டு. ஆனால் அவை மூளைக்குச் சொல்லும் செய்தி நமக்கு வலியாகவோ வேறு உணர்ச்சியாகவோ தெரிவதில்லை. அழுத்தம் மாதக்கணக்கில் உயர்ந்தே இருந்தால் அந்த உணர்விகளும் அதையே வழக்கமாக எடுத்துக்கொள்கின்றன. அதனால்தான் 170 பிரஷரோடு ஒருவர் மலை ஏறி வேலை பார்த்துவிட்டு வர முடிகிறது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, எனவே பிரஷர் இல்லை என்ற கணக்கு தவறு.

உள்ளே நடப்பது வேறு. இதயத்தின் இடது அறை எந்நேரமும் அதிக விசையோடு தள்ளுவதால் அதன் தசை தடித்து விறைக்கிறது. தமனியின் உள்பூச்சு சேதமாகி அங்கே கொழுப்பு படிகிறது. மூளையின் சிறு தமனி அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம். சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் கெட்டால் டயாலிசிஸ். கண்ணின் குழாய்கள் கெட்டால் பார்வைக் குறைவு. எல்லாமே தமனிப் பக்கம் நடப்பவை.

தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த அரசின் ஆய்வில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதும், அவர்களில் 100-க்கு 7 பேர் அளவுக்கே அது கட்டுப்பாட்டில் இருப்பதும் தெரியவந்தது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறது. பகலில் மலைக்குப் போகிறவர்கள், ஊழியர் வரும் நாளை வீட்டாரிடம் கேட்டுவைத்துக்கொள்ளலாம். அல்லது விடுமுறை நாளில் அரசு மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம்.

பிரஷர் மாத்திரை நோயை வேரோடு எடுப்பதில்லை. குழாயை விரித்தோ, அதிகப்படி உப்பையும் நீரையும் வெளியேற்றியோ, அன்றன்றைய அழுத்தத்தைக் குறைக்கிறது. மாத்திரை சாப்பிடும்போது 130/80 என்று காட்டினால், மாத்திரை வேலை செய்கிறது என்றே பொருள். நிறுத்தினால் மறுபடி ஏறும், அதுவும் நமக்குத் தெரியாமல்.

சரியாக அளப்பது எப்படி?

- அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பு டீ, காபி, பீடி, சிகரெட்டு வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வரவும்.
- முதுகு சாய்ந்து, இரு பாதமும் தரையில் பட, ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவும். கால் மேல் கால் போட வேண்டாம்.
- பட்டையைச் சட்டைக்கு மேலே கட்டாமல் வெறுங்கையில் கட்டவும். பருமனான கைக்குப் பெரிய பட்டை வேண்டும்.
- கை, இதயத்தின் உயரத்தில் மேஜை மீது இருக்க வேண்டும். கை 10 சென்டிமீட்டர் கீழே தொங்கினாலே அளவு 8 வரை கூடிக் காட்டும். இரத்தத்தின் பாரம்தான் இங்கேயும் காரணம்.
- அளக்கும்போது பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, தேதியோடு எழுதி வைக்கவும்.

120/80-க்குக் கீழே இருந்தால் நல்லது. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் இரத்த அழுத்தம். 180/120-க்கு மேல் போய், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல், கடுந்தலைவலி ஏதாவது இருந்தால் உடனே மருத்துவமனை. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ பிரஷர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐ அழைக்கவும். அடைப்பால் வந்த பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மலையிலிருந்து இறங்கும் நேரமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

நம் சமையலறையும் நோன்பும்

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. அது ஒரு தேக்கரண்டி அளவு, எல்லாச் சாப்பாட்டுக்கும் சேர்த்து. ஊறுகாய், கருவாடு, அப்பளம், பெருநாளுக்குப் பிறகு போடும் உப்புக்கண்டம் ஆகியவை அந்தக் கணக்கைத் தாண்டவைப்பவை. உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதே குழாய்களில் அதிக இரத்தம் ஓட வேண்டிவரும், அழுத்தம் ஏறும்.

இடுப்புவலி, மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரைகளில் பல, பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். தோட்ட வேலை செய்கிறவர்கள் இதைத் தினப்படி வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. ஏலக்காய் டீயோ, பூண்டோ, ஹிஜாமாவோ பிரஷர் மாத்திரைக்கு மாற்று அல்ல. இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இரத்தசோகை உள்ளவர்கள் ஹிஜாமாவுக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

ரமளானில் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஒரு வேளை மாத்திரையை இஃப்தார் நேரத்துக்கோ சஹர் நேரத்துக்கோ மாற்ற முடியும். இரண்டு வேளை மாத்திரையை இரண்டுக்கும் பிரித்துக்கொள்ள முடியும். சிறுநீர் பிரிக்கும் மாத்திரைக்கு மட்டும் தனி யோசனை வேண்டும், ஏனென்றால் பகலில் தண்ணீர் குடிக்க முடியாது. இவை எல்லாவற்றையும் ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் பேசி முடித்துக்கொள்வது நல்லது. இதயம், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் நோன்பு வைக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

காயம் பட்டால்

இரத்தம் வரும் விதத்தைப் பார்த்தே எந்தக் குழாய் என்று சொல்லலாம். தந்துகியிலிருந்து கசியும். சிரையிலிருந்து கருஞ்சிவப்பாக ஒரே சீராக வழியும். தமனியிலிருந்து பளிச்சென்ற சிவப்பில், துடிப்புக்கு ஒரு முறை பீறிட்டு அடிக்கும். அரிவாள் வெட்டிலோ ஜீப் விபத்திலோ தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும்.

எந்தக் குழாயானாலும் முதல் வேலை ஒன்றுதான். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் பலமாக அழுத்தவும். பத்து நிமிடம் எடுத்துப் பார்க்கவே கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்தவும். காயம் பட்ட கை அல்லது காலை இதயத்தைவிட உயரத்தில் தூக்கி வைத்தால் அழுத்தம் குறைந்து ஒழுகல் மட்டுப்படும். காப்பித்தூள், மஞ்சள்தூள், மண் எதுவும் போட வேண்டாம். அழுத்தியபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மழைக்காலத்தில் தோட்டத்தில் அட்டை கடித்தால் மணிக்கணக்கில் இரத்தம் கசியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அது தமனியோ சிரையோ அறுந்ததால் அல்ல. அட்டையின் எச்சிலில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் இருப்பதால். கழுவி, துணி வைத்து அழுத்திக் கட்டினால் நின்றுவிடும். இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் நிற்கத் தாமதமாகலாம்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் 30 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஒரு முறை பிரஷர் பார்த்து, பெயரும் தேதியும் போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினமும் சாப்பிடுகிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கருவியை வைத்து அளந்து பார்க்காமல் பிரஷரைத் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை.